பேராசிரியர் மகலனோபிஸ்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வங்காளி ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நம்மிடம் இரண்டு காரணங்கள் உள்ளன. கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் குளிரால் வாடிய நாட்களில் அவருடைய அறைக்குச் சென்று அளவளாவிய தோழர்களுள் இவரும் ஒருவர் என்பது முதற்காரணம். நம் காலனியில் அரசாங்க அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்கள் நாள்தோறும் கையாளும் புள்ளிவிவரங்களுள் ஒரு பெரும்பகுதி இவர் வகுத்த வழியிலேயே திரட்டப்படுகின்றது என்பது இரண்டாவது. விளைச்சல் இவ்வளவு, ஒரு குடும்பத்தின் மாதச் செலவு இவ்வளவு, வேலையற்றோர் இத்தனை பேர் என்று செய்தித்தாளில் படிக்கின்றோம். நாட்டிலுள்ள அத்தனை வீடுகளிலும் யார் சென்று கேட்டார்கள்? எவரும் செல்லவில்லை. சில ஆயிரம் ஊர்களிலும், அவற்றுள் சில வீடுகளிலும் மட்டுமே கேட்டார்கள். அந்தச் சில வீடுகளை எவ்வாறு பொறுக்கினார்கள் என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தப் பொறுக்கும் முறையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் குருசரண், விக்கிரமபுரத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து குடியேறியவர்; பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர்; மகரிஷி தேவேந்திரநாத தாகூரின் அன்பைப் பெற்றவர்; விதவை மணம் புரிந்து உறவினரின் சினத்துக்கு ஆளானவர். தந்தையார் பிரபோத சந்திரர் வாணிகம் செய்தார். பெரியப்பா சுபோத சந்திரர் பிரசிடென்ஸி கல்லூரியில் உடலியல் துறையை நிறுவிய பேராசிரியர். தாய்மாமன் நீலரத்தன சர்க்கார் புகழ்பெற்ற மருத்துவர். கல்வியும் சீர்திருத்தமும் கலந்து மணந்த அத்தகைய இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, பிரம்ம சிறுவர் பள்ளியிலும் பின்னர்ப் பிரசிடென்ஸி கல்லூரியிலும் பயின்று, 1912இல் பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவருடைய ஆசிரியர்கள். மேகநாத் சாஹா ஓராண்டும், சுபாஷ் சந்திர போஸ் இரண்டாண்டும் பின்னால் வந்த மாணவர்கள்.

1913இல் லண்டன் பல்கலைக் கழகத்தில் சேரும் எண்ணத்துடன் கப்பலேறினார். ஒருநாள் கேம்பிரிட்ஜைப் பார்த்துவரப் போனவர், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து நின்று, லண்டனுக்குச் செல்லும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு காண்டெத் என்னும் நண்பரின் விருந்தினராகத் தங்கினார். இந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தால் என்ன என்று நண்பர் தூண்ட, மறுநாள் சென்று கேட்டார், இடமும் கிடைத்துவிட்டது. எதிர்பாராமல் நேர்வனவற்றைக் கணக்கிடுவதையே பின்னாளில் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு வாழ்க்கைப் பாதையையே ஒரு தவறிய ரயில் வகுத்துக் கொடுத்தது என்பது நமக்குச் சுவையாகவே படுகிறது.

அடுத்த ஆண்டு, 1914 ஏப்ரலில், ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் விரைவில் நண்பராயினர். ஒரு முறை மகலனோபிஸ் அவருடைய அறைக்குச் சென்றபோது ராமானுஜன் கணப்பை ஒட்டிக் குறுகி அமர்ந்திருந்தார். இரவில் மேலங்கியை அணிந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தைக்கடியில் நன்றாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார். எவ்வாறு படுப்பது என்று நண்பர் செய்துகாட்டினார். வடநாட்டுக் குளிருக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த நம்மவர் பலருக்கு இந்தச் செய்தி சிரிப்பையன்று, இரக்கத்தையே உண்டாக்கும்.

இன்னொரு நிகழ்ச்சி கணித உலகில் பெரிதும் வழங்குவது. ஸ்ட்ராண்ட் என்னும் மாத இதழில் ஒரு புதிர் வெளியாகியிருந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கமிட்டிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறமுள்ள இலக்கங்களையெல்லாம் கூட்டினால், வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வருகிறது. தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் உள்ளன. அந்த வீட்டின் இலக்கம் யாது? எட்டே வீடுகள் இருந்தால் ஆறாம் வீடு என்று எளிதில் சொல்லிவிடலாம். முன்னைந்தின் தொகையும் 15, பின்னிரண்டின் தொகையும் 15. மகலனோபிஸ் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்து, 288 வீடுகளில் 204ஆம் வீடு என்று கண்டார். அடுப்பின் மேல் காய்கறி வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் புதிரைப் படித்துக் காட்டினார். ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்று, இவ்வாறு அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் அதில் விடை இருந்தது. ஒருவர் போட்டுப் பார்த்துக் கண்டார். மற்றவர் பாராமலே கண்டார். போட்டுப் பார்த்துக் காண்பதற்கும் உலகில் இடமுண்டு என்பதை முன்னவரின் பிற்கால வாழ்க்கை காட்டிற்று.

1915இல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறி, காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சி.டி.ஆர். வில்ஸனிடம் ஆராய்ச்சி செய்ய ஏற்பாடாயிற்று. இடையே சில வாரம் ஊருக்குப் போய்வர நினைத்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தமையால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் மெக்காலே என்பார் பயோமெட்ரிகா என்னும் இதழின் தொகுதிகளைச் சுட்டிக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கொண்டு ஆராயும் புள்ளியியல் இதழ் அது. மகலனோபிஸ் முழுத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். கல்கத்தாவில் இறங்கியவர் திரும்பவும் காவெண்டிஷுக்குப் போகவில்லை. பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் பணி கிடைத்தது. எஞ்சிய நேரத்தில் எண்களோடு உறவாடலானார்.

அக்காலத்துப் பணிகளை விரைந்து சொல்லிச் செல்வோம். விலங்கியல் சர்வேயின் தலைவர் அன்னண்டேல் திரட்டி வைத்திருந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராய்ந்து 1922இல் கட்டுரை வெளியிட்டார். இரு கூட்டத்தார் தம்முள் எவ்வளவு நெருங்கியவர், எவ்வளவு விலகியவர் என்பதைப் பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் கூறும் முறை அந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 1936இல் முதிர்ந்தது. அம்முறையை உலகெங்கும் இன்றும் மகலனோபிஸ் தொலைவு என்றே வழங்குகின்றனர். 1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தது. நீர்தேக்கும் பள்ளங்கள் அமைக்க வேண்டுமென்று எஞ்சினீயர்கள் கூற, இவர் ஐம்பது ஆண்டு மழைக் கணக்கை ஆராய்ந்து, அதனால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழிசெய்வதே தேவை என்று காட்டினார். 1926இல் ஒரிஸ்ஸாவில் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது என்றும், கரைகளை உயர்த்த வேண்டும் என்றும் வல்லுநர்கள் கருதினர். படுகை உயரவேயில்லை, மேற்பகுதியில் அணைகட்டித் தேக்குவதே முறை என்பது இவருடைய முடிவு. 1957இல் நேரு திறந்து வைத்த ஹிராகுட் அணைக்கு முன்னோடியான கணக்குகளுள் இவருடையதும் ஒன்று.

1923இல் நிர்மலகுமாரியை மணந்தார். மணமகளின் தந்தை ஹேரம்ப சந்திர மைத்ரர் சமாஜத்து விதிகள் சிலவற்றில் இவருடைய கருத்தை ஏற்காமல் மணத்துக்கு இசையவில்லை. தாய்மாமன் நீலரத்தன சர்க்கார் தந்தையின் இடத்திலிருந்து நடத்தி வைத்தார். ராணி என்று அழைக்கப்பெற்ற அவ்வம்மையாரும் கணவரும் கவி தாகூரின் நெருங்கிய அன்பர்கள். விசுவபாரதியின் செயலாளராகவும் மகலனோபிஸ் பத்தாண்டு பணியாற்றினார்.

கல்லூரியின் பேக்கர் கட்டடத்தில் ஓர் அறை. அதில் சில இளைஞர்கள். கையால் சுழற்றும் கணக்கு யந்திரங்கள். இதுதான் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தொட்டில். 1931 டிசம்பர் 17ஆம் நாள் கழகம் தோன்றியது. முதலாண்டுச் செலவு 250 ரூபாய்க்குள் அடங்கிற்று. 1933இல் சாங்க்யா என்னும் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். எண்ணுதல், தெளிந்த அறிவு என்னும் இரு பொருளும் அவ்வடசொல்லில் பொருந்தியிருப்பதை நினைத்தே அப்பெயரைச் சூட்டினார்.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம்.

வங்காளத்தின் பணப்பயிர் சணல். எத்தனை ஏக்கரில் சணல் விளைந்திருக்கிறது என்பதை அரசாங்கம் முன்கூட்டியே அறிய விரும்பியது. கீழுள்ள ஊர்ச் சிப்பந்தி ஒரு மதிப்பை எழுதுவார். மேலுள்ளவர் அதைச் சற்றே திருத்துவார். அதற்கும் மேலுள்ளவர் சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்து இதையும் அதற்கிணங்கச் செய்வார். இவ்வாறு வந்து சேரும் எண்ணுக்கு வயலோடு எவ்வளவு உறவு இருக்கும்? ஒவ்வொரு வயலையும் ஆளனுப்பி எண்ணலாமெனில், செலவு மிகுதி. ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அத்தனை பேரையும் பயிற்றவும் மேற்பார்க்கவும் இயலாமையால் பிழைகளும் மலியும். சில வயல்களை மட்டும் பார்த்து முழுமையைக் கணிக்கலாம் என்றார் மகலனோபிஸ். 1937 முதல் சிறிய அளவில் சோதனை செய்து, ஆண்டுதோறும் விரித்து, 1941இல் மாகாணம் முழுவதற்கும் சர்வே நடத்தினார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் அறிந்த மொழி. ஆனால் அம்மொழி ஒரே பதமாக வெந்த பானைக்கே பொருந்தும். நாடு அவ்வாறு வெந்த பானையன்று. ஆற்றங்கரையில் ஒரு விளைவு, மேட்டில் ஒரு விளைவு. ஜமீன்தாரின் நிலம் ஒருவிதம், குடியானவனின் துண்டு நிலம் வேறுவிதம். ஆகவே எந்தச் சோற்றை எடுப்பது என்பதே கேள்வி.

அனுபவமுள்ள அதிகாரி ஒருவரை அனுப்பி, இவ்வட்டாரத்துக்கு ஏற்ற ஒரு நடுத்தரமான ஊரைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால் என்ன நேரும்? அவர் நேர்மையானவரேயாயினும், தம்மையறியாமலே சாலையோரத்து ஊரைத் தேர்வார். பயணியர் விடுதி அண்மையிலுள்ள ஊரைத் தேர்வார். வெள்ளத்தில் அழிந்த வயலைப் பார்த்ததும் இது வழக்கமான வயலன்று எனத் தள்ளிவிடுவார். அவர் மனத்தில் முன்பே ஒரு படம் இருக்கிறது. அப்படத்துக்கு ஒத்த ஊரையே அவர் கண் தேடும். பிறகு கிடைப்பது நாட்டின் அளவன்று, அவர் மனத்தின் அளவு. ஆதலால் மனிதனின் விருப்பத்தைத் தேர்விலிருந்து அடியோடு நீக்க வேண்டும். அதற்கு ஏற்ற கருவிதான் சமவாய்ப்பு எண்கள்.

டிப்பெட் என்ற ஆங்கிலேயர் 1927இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் கதையில்லை, கருத்துமில்லை. 41,600 இலக்கங்கள் மட்டுமே பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து ஒழுங்கின்றி எடுத்துத் தொடுத்த இலக்கங்கள் அவை. ஓர் இலக்கத்தைப் பார்த்து அடுத்தது யாதாக இருக்கும் என்று எவராலும் ஊகிக்க இயலாது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு. உலகில் இத்தகைய நூலை விரும்பிப் படிப்பவர் சிலரே இருப்பர். மகலனோபிஸும் தோழர்களும் அதைக் கொண்டு மேலும் அட்டவணைகளை அமைத்து 1934இல் சாங்க்யாவில் வெளியிட்டனர்.

சணல் சர்வேயில் இவ்வெண்களைப் பயன்படுத்திய முறை எளியது. வட்டாரத்தின் நிலப்படத்தை மேசையில் விரித்துக்கொள்ள வேண்டும். அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து அத்தனை அளவு கிழக்கே செல்ல வேண்டும். மற்றோர் எண்ணை எடுத்து அத்தனை அளவு வடக்கே செல்ல வேண்டும். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் ஒரு சிறு கட்டம் வரைய வேண்டும். அக்கட்டத்துக்குள் எந்தெந்த வயல் வருகிறதோ அவற்றையெல்லாம் சர்வேயர் நேரில் போய்ப் பார்த்து, இன்ன பயிர் என்று எழுதிவர வேண்டும். சேறாயிருந்தாலும் செல்ல வேண்டும். ஓடம் இல்லாவிட்டால் காத்திருந்து செல்ல வேண்டும். பக்கத்து வயலும் இதே போன்றதுதானே என்று மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் எண்களைக் கொண்டு தேர்ந்ததன் பயன் முழுவதும் அழிந்துவிடும்.

உத்திரமேரூரில் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டொன்று, குடத்தில் ஓலையிட்டுக் குலுக்கிச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்து ஊரவை உறுப்பினரைத் தேர்ந்த முறையை விவரிப்பது நம்மவர்க்கு நினைவு வரும். ஓரவஞ்சகம் நுழையாதிருக்க வேண்டும் என்னும் நோக்கம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் ஒரு வேற்றுமையைச் சொல்லாவிடில் நாம் பெருமை பேசியவராவோமேயன்றி உண்மை பேசியவராக மாட்டோம். குடவோலையில் எடுக்கப்பட்டவர் பதவியேற்பதோடு காரியம் முடிந்தது. புள்ளியியலிலோ, எடுக்கப்பட்டவற்றைக் கொண்டு எடுக்கப்படாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். குலுக்கல் முறைப்படி எடுத்தால்தான் அந்தப் பிழையைக் கணக்கிட வழியுண்டு. அதிகாரி கண்ணால் பார்த்துப் பொறுக்கிய ஊர்களைக் கொண்டு என்ன கணித்தாலும், அதன் பிழை எவ்வளவு என்று ஆண்டவனுக்கே தெரியும்.

எண்கள் நேர்மையானவையாயினும் எண்ணுகிறவர் மனிதர்தாமே? மரத்தடியில் அமர்ந்தபடியே படிவத்தை நிரப்பியனுப்பும் சர்வேயர் ஒருவர் இருக்கலாம். அதற்கும் மகலனோபிஸ் ஒரு வழி கண்டார். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளைச் சமவாய்ப்பு எண்களால் எடுப்பார். இரண்டையும் இரு வேறு குழுக்களிடம் கொடுப்பார். ஒரு குழுவின் கணக்கை மற்றது அறியாது. முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தற்செயலாக நேரக்கூடிய வேற்றுமைக்கு மேற்பட்ட வேற்றுமை தோன்றுமிடத்தில் ஏதோ கோளாறு உண்டென்பது உடனே வெளிப்படும். ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் மாதிரிகள் என்னும் இம்முறையை இவருடைய தனிப்பெருங் கொடையாகவே அறிஞர் மதிக்கின்றனர். ஒழுங்காகச் செலவெழுதும் நம் வீட்டு அம்மையார், கடைக்குப் போய்வந்த மூத்த பிள்ளையையும் இளைய பிள்ளையையும் தனித்தனியே விலை கேட்பதில்லையா? அதே யுக்திதான்.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. இத்தனை சிறு பங்கைப் பார்த்து முழுமையைச் சொல்வதா என்று ஐயுற்றவர் பலர். மாதிரியின் நம்பிக்கை, முழுமையில் அது எத்தனை பங்கு என்பதைவிட, மொத்தம் எத்தனை இடங்களைப் பார்த்தோம் என்பதையே பெரிதும் சார்ந்தது என்ற உண்மை அவர்கள் மனத்தில் எளிதில் ஏறவில்லை. சணல் வாணிகத்தின் கணக்குகளோடு ஒப்பிட்டபோது மாதிரிக் கணிப்பு நன்கு ஒத்து வந்தது. முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே ஆயிற்று. வாதத்தால் மாறாதவர் சிலர் இதனால் மாறினர்.

நெல் விளைச்சலைக் கணிப்பதில் அறிஞருள்ளேயே வேறுபாடு எழுந்தது. வயலில் சமவாய்ப்பு முறையில் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே அளந்த பரப்பில் கதிரை அறுத்து நிறுப்பது முறை. ஹப்பக் என்ற ஆங்கில அதிகாரி 1923 முதல் பீகார் ஒரிஸ்ஸா மாகாணத்தில் இதைச் செய்து காட்டியிருந்தார். தமக்கு வழிகாட்டியவர் அவரே என்பதை மகலனோபிஸ் மறைத்ததில்லை. மகலனோபிஸ் சிறு வட்டங்களாக அறுத்தால் போதுமென்றார். டில்லியில் வேளாண்மை ஆராய்ச்சி மன்றத்திலிருந்த சுகாத்மேயோ, வட்டம் சிறிதானால் ஓரத்தில் நிற்கும் பயிர்களையும் ஆட்கள் உள்ளே சேர்த்துவிடுவர், அதனால் கணக்கு உயர்ந்துவிடும், பெரிய கட்டங்களே வேண்டும் என்று சோதனைகளைக் காட்டி வாதாடினார். இவ்வழக்கில் சுகாத்மேயின் பக்கமே நியாயம் கூடுதலாக இருந்தது என்பது நம் எண்ணம். இருவரும் கடுமையாகவே எழுதிக்கொண்டனர். பகைமையில் விளைந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று.

இவையெல்லாம் அறிஞரின் பொழுதுபோக்கு என்று எவரேனும் கருதினால், 1943இல் வங்கத்தில் நேர்ந்ததை நினைக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். மாகாணத்தில் அரிசி எவ்வளவு விளைந்தது, எவ்வளவு இருப்பு, எவ்வளவு குறைவு என்று நம்பத்தகுந்த கணக்கு ஆட்சியாளர் கையில் இருக்கவில்லை. கணக்கு இருந்திருந்தால் மட்டும் பஞ்சம் நின்றிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணங்கள் வேறும் பல. ஆயினும் இருட்டில் அடித்த தடியாக அரசின் நடவடிக்கைகள் அமைந்ததை எவரும் மறுக்க இயலாது. பஞ்சத்துக்குப் பின் ஊர்ப்புறங்களில் எத்தனை குடும்பங்கள் நிலமிழந்தன, எத்தனை சிதறின என்பதை மகலனோபிஸின் கழகம் மாதிரி சர்வே நடத்தியே ஆராய்ந்தது.

டில்லியை அறிந்த அன்பர்களுக்கு இன்னொரு செய்தி சுவைக்கும். 1947இல் கலவரத்தின்போது செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு அரசாங்கம் உணவளித்து வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. சென்று எண்ணவும் இயலாத நிலைமை. காண்ட்ராக்டர்கள் அனுப்பிய பில்தொகையோ நாளுக்கு நாள் ஏறிற்று. மகலனோபிஸின் கழகத்தோடு நெடுநாள் தொடர்புடைய ஜே.எம். சென்குப்தா பில்களை வாங்கிப் பார்த்தார். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவு முன் நடத்திய சர்வேக்களால் தெரிந்திருந்தது. வாங்கியதாகக் காட்டிய அளவை அதனால் வகுத்தார். அரிசியும் பருப்பும் பெருந்தொகையைக் காட்டின. உப்பு மிகக் குறைந்த தொகையைக் காட்டிற்று. அன்று உப்பு மலிவு. அதில் பொய்க் கணக்கு எழுதி ஆதாயம் பெற வழியில்லை. ஆகவே உப்பு சொன்னதே உண்மை என்று முடிவு செய்தார்.

சுதந்திர அரசுக்கு நாட்டின் வருமானம் எவ்வளவு என்றே தெரிந்திருக்கவில்லை. 1949இல் மகலனோபிஸ் மந்திரிசபையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். அவரைத் தலைவராகவும், காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோரை உறுப்பினராகவும் கொண்ட தேசிய வருமானக் குழு அமைந்தது. பல விவரங்கள் இல்லாத குறையை அக்குழு உணர்ந்தது. அக்குறையை நீக்க எழுந்ததே தேசிய மாதிரி சர்வே. 1950 அக்டோபரில் தொடங்கி 1951 மார்ச்சில் முடிந்த முதற் சுற்றில், நாட்டிலிருந்த ஏறத்தாழ 5,60,000 கிராமங்களுள் 1,833 தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏறக்குறைய முந்நூறுக்கு ஒன்று. கிராமத்துக்குச் சென்றவர் முதலில் எல்லா வீடுகளையும் வரிசைப்படுத்தி எழுதுவார். பிறகு விதிப்படி எடுத்த எண்ணுக்குரிய வீடுகளில் மட்டும் அமர்ந்து, என்ன உண்டீர்கள், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், யார் யார் உழைக்கிறீர்கள் என்று கேட்பார். படியும் மரக்காலும் சேரும் மணங்கும் ஊருக்கு ஊர் மாறிய காலம் அது; அளவைகளை ஒன்றாக்குவதே பெரும்பாடாயிற்று.

இரண்டாயிரம் பேருள்ள ஊருக்கு, ஆயிரம் பேருள்ள ஊரைவிட இருமடங்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமென்றால் எவ்வாறு குலுக்குவது? ஆயிரக்கணக்கான ஊர்களின் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது பெரும் வேலை. கழகத்தைச் சேர்ந்த டி.பி. லாகிரி 1951இல் ஓர் அழகிய குறுக்கு வழி கண்டார். ஒரு சமவாய்ப்பு எண்ணால் ஊரை எடுங்கள். மற்றோர் எண்ணை, ஒன்று முதல் மிகப்பெரிய ஊரின் மக்கள்தொகை வரையுள்ளவற்றுள் ஒன்றாக எடுங்கள். இரண்டாம் எண் முதலில் எடுத்த ஊரின் மக்கள்தொகைக்கு மிகாவிடில் அவ்வூரைக் கொள்ளுங்கள். மிகுந்தால் இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சிற்றூர் அடிக்கடி தள்ளப்படும், பேரூர் அடிக்கடி கொள்ளப்படும். விகிதம் தானே சரியாகிவிடும். கூட்டலே வேண்டியதில்லை.

நகரங்களிலும் பின்னர் இந்த சர்வே நடந்தது. வீட்டுக்கு வரும் சர்வே அலுவலரிடம் எங்களுக்கு நேரமில்லை, அடுத்த வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று நம் வீட்டார் சொல்வதுண்டு. அவர் தயங்கி நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். அடுத்த வீட்டின் எண் அவருக்கு விழவில்லை. நேரமுள்ளவர் வீடுகளிலேயே கேட்டு முடித்தால், நாட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கிறார்கள் என்றல்லவா கணக்கு வந்து நிற்கும்!

ஐக்கிய நாடுகள் சபை 1947இல் மாதிரி முறைகளுக்கென அமைத்த உபகுழுவுக்கு மகலனோபிஸ் தலைவரானார். அதற்கு முன்பே 1945இல் லண்டன் ராயல் சொஸைட்டி உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தது. 1956இல் ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணினி கழகத்துக்கு வந்திறங்கியது. இந்தியா கண்ட முதல் எண்ணியல் கணினி அதுவே. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் நகலும் 1955இல் அவர் கையிலிருந்து பிறந்தது. கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த அத்திட்டத்தைப் பொருளாதார அறிஞர் ஷெனாய் அன்றே எதிர்த்தெழுதினார். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. நாமும் இங்கே தீர்க்கப் புகவில்லை. சர்வேயில் ஐயத்துக்கு இடமளித்த அளவுக்குத் திட்டத்தில் அவர் இடமளித்தாரா என்பது மட்டும் கேட்கத்தக்க கேள்வி.

மனிதர் கடுமையானவர். கழகம் முழுவதும் தம் விருப்பப்படியே நடக்க வேண்டுமென்று எண்ணினார். ராஜ் சந்திர போஸ், சமரேந்திரநாத் ராய் ஆகிய சிறந்த அறிஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டனர். 1957இல் வந்து சேர்ந்த ஹால்டேன் 1961இல் மனம் வேறுபட்டு விலகினார். எனினும் அந்தக் கூரையின் கீழ் இளைஞர்கள் தழைத்தனர். 1941இல் சேர்ந்த சி.ஆர். ராவ் உலகப் புகழ் பெற்றார். சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியிலிருந்து 1959இல் அங்கே ஆராய்ச்சிக்குச் சென்ற எஸ்.ஆர். ஸ்ரீநிவாச வரதன், நிகழ்தகவுக் கொள்கையில் செய்த பணிக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். சென்னையிற் பிறந்த கே.ஆர். பார்த்தசாரதியும் அக்காலத்தில் அங்கே உடன் பயின்றவரே.

1968இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1970இல் தேசிய மாதிரி சர்வே கழகத்தின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு, முற்றிலும் அரசாங்க நிறுவனமாக்கப்பட்டது. இருபதாண்டு வளர்த்த பிள்ளையை ஒப்படைக்க நேர்ந்ததை அவர் எளிதாக ஏற்றிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. கழகத்தின் வேலையை மட்டும் விடவில்லை. 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், கல்கத்தாவில் காலமானார்.

2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர் தொடங்கிய சர்வே நிறுவனம் 2019இல் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தோடு இணைக்கப்பட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகமாயிற்று. பராநகரில் அவரும் ராணி அம்மையாரும் வாழ்ந்த ஆம்ரபாலி என்னும் இல்லம் அவர் நினைவாக அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. கல்கத்தா செல்லும் அன்பர்கள் காளிகட்டத்தையும் தட்சிணேசுவரத்தையும் தரிசித்த பின், தட்சிணேசுவரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத அந்த இல்லத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம்.